தரகு, முன்பணம், அப்பாவோட துண்டுச் சீட்டு

ஒரு மாசமா எதுவும் எழுத முடியல. மிளகு பறிப்பு. சில்வர் ஓக் மரத்துல ஏணி போட்டு ஏறி இறங்கறதுலயே பொழுது போயிடுது. இப்ப களத்துல மிளகு காயுது. மேகம் கூடினா ஓடிப்போய் தார்ப்பாயை இழுத்து மூடணும். அதுக்கு நடுவுல திண்ணையில உட்கார்ந்து இதை எழுதறேன்.

எழுத வச்சது ஒரு காகிதம். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒரு கம்பெனியிலிருந்து ஒரு பையன் பைக்குல வந்தான். நல்ல பையன், மரியாதையாப் பேசினான். "ஐயா, உங்க மிளகை நாங்க வித்துத் தர்றோம். கமிஷன் 8 சதவீதம்தான். முன்பணமா 60,000 ரூபாய் இப்பவே தர்றோம்"னு சொல்லி நாலு பக்க ஒப்பந்தத்தைக் கொடுத்துட்டுப் போனான். என் மகளுக்கு நர்சிங் காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய நேரம். 60,000-ன்னா எங்க வீட்டுல சின்னத் தொகை இல்லை. என் மகன், "கையெழுத்துப் போடுப்பா, என்ன ரோசனை பண்றே"ங்கறான்.

என் ரோசனை எல்லாம் மூணாவது பக்கத்துல இருந்த ஒரு வரியிலதான். மூணு வருசத்துக்கு என் தோட்டத்து மிளகு முழுசும் அவங்க வழியா மட்டும்தான் போகணும். நானே யாருக்காவது வித்தாலும் அவங்களுக்கு 8 சதவீதம் உண்டு.

இதைப் படிச்சதும் எனக்கு எங்க அப்பாவோட தகரப்பெட்டி ஞாபகம் வந்துச்சு. அந்தப் பெட்டியில இருக்கறதைச் சொல்லணும்னா கொஞ்சம் பழைய கதைக்குப் போகணும்.

பல்லவர் காலத்துச் சொல்

தரகுங்கறது இன்னைக்கு நேத்து வந்த சொல் இல்லைங்க. ஆயிரத்துச் சொச்சம் வருசத்துக்கு முந்தின பல்லவர் செப்பேடுகள்ல வரிகளை வரிசையா எழுதியிருப்பாங்க. தறிக்கு வரி, செக்குக்கு வரி, கள் இறக்கறதுக்கு வரி, கல்யாணத்துக்குக்கூட ஒரு காசு. அந்த வரிசையில 'தரகு'ம் ஒண்ணு. வாங்கறவனையும் விக்கறவனையும் சேர்த்து வச்சவன் சம்பாதிச்சதுல ராசா ஒரு பங்கு கேட்டிருக்கார். வரி போடற அளவுக்கு அப்பவே அது ஒரு தொழிலா இருந்திருக்கு.

கப்பல்ல வந்த வெள்ளைக்காரனுக்கும் தரகன் இல்லாம வேலை ஆகல. மொழி தெரியாது, சரக்கு தெரியாது, யாரை நம்பறதுன்னும் தெரியாது. சென்னையில கம்பெனிக்காரங்களும் புதுச்சேரியில பிரெஞ்சுக்காரங்களும் துபாஷிகளை வச்சுத்தான் ஏவாரம் பண்ணினாங்க. நாட்குறிப்பு எழுதின ஆனந்தரங்கப் பிள்ளை டூப்ளேக்குத் துபாஷியா இருந்தவர்தான். தெரியாத ரெண்டு பேருக்கு நடுவுல தெரிஞ்ச ஒருத்தன் நின்னா அவனுக்கு ஒரு பங்கு. தரகோட அடிப்படை அவ்வளவுதான்.

எங்க மலையும் அப்படித்தான். கொல்லிமலையில எங்க திருப்புலி நாடு மாதிரி பதினாலு நாடு. நாடுன்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க, சில சிற்றூர்கள் சேர்ந்தா ஒரு நாடு. காரவள்ளியில இருந்து ஏறுற 70 கொண்டை ஊசி வளைவு ரோடு வர்றதுக்கு முன்னாடி எங்க பாட்டன் தலைச்சுமையாத்தான் எல்லாத்தையும் இறக்கினார். விடிகாலையில கிளம்பி, காட்டுப்பாதையில இறங்கி, சேந்தமங்கலம் சந்தைக்கோ பேளுக்குறிச்சி சந்தைக்கோ போகணும். மலையில சாமை, கேழ்வரகு, கடுகு. கீழ்நாட்டுல இருந்து திரும்பறப்ப உப்பு, துணி, கருவாடு.

இதுல ஒண்ணு கவனிக்கணும். முப்பது கிலோவைத் தலையில வச்சு இறக்கினவன் விலை பிடிக்கலைன்னா அதைத் திருப்பி மலைக்கு ஏத்த மாட்டான். அது கீழ்நாட்டு ஏவாரிக்கு நல்லாத் தெரியும். சாயங்காலம் வரைக்கும் அவன் சும்மா நிப்பான். பொழுது சாயற நேரத்துல ஒரு விலை சொல்லுவான். அதுதான் விலை. பேரம் பேசற பலம்ங்கறது வாய்ச் சாமர்த்தியத்துல இல்லைங்க. "வேண்டாம்"னு சொல்லிட்டு எந்திரிச்சு வர முடியுதா இல்லையாங்கறதுல இருக்கு.

தகரப்பெட்டி

ரோடு வந்துச்சு, லாரி வந்துச்சு, மண்டியும் வந்துச்சு. எங்க அப்பா காலத்துல சாமை குறைஞ்சு வாழை, அன்னாசி, காபி, மிளகுன்னு மாறிச்சு. இதெல்லாம் வீட்டுக்கு வச்சுச் சாப்பிடற சாமான் இல்லை, வித்தாத்தான் சோறு. அதனால மண்டி இல்லாம வாழ முடியாதுன்னு ஆயிடுச்சு.

அப்பா 2009-ல காலமானார். கருமாதி முடிஞ்சு அவர் தகரப்பெட்டியைத் திறந்தா, சணல் கயித்துல கட்டின துண்டுச் சீட்டுக் கட்டு. 1979-ல இருந்து 1995 வரைக்கும். எல்லாம் கீழ்நாட்டு ஒரே மண்டிச் சீட்டு. மண்டி பேர் வேண்டாம். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா ஒரு சீட்டையும் தூக்கிப் போடல.

அதுல 1984 தை மாசத்துச் சீட்டு ஒண்ணை அப்படியே சொல்றேன். வாழைத்தார் 62. தார் 20 ரூபாய். மொத்தம் 1,240. அதுக்குக் கீழ கழிவு: கமிஷன் 124. லாரி வாடகை 186. இறக்குக்கூலி 31. மகமை 6 ரூபாய் 20 காசு. சேதாரம் ரெண்டு தார், 40. அட்வான்ஸ் பிடித்தம் 200. கழிவு எல்லாம் சேர்ந்து 587 ரூபாய் 20 காசு. அப்பா கைக்கு வந்தது 652 ரூபாய் 80 காசு.

சீட்டை நாலு தடவை பார்த்தப்புறம்தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. ரெண்டு தார் சேதாரம்னு 40 ரூபாயைக் கழிச்சிருக்காங்க. சேதாரம்னா அது விக்கல. ஆனா கமிஷன் 1,240-க்குப் பிடிச்சிருக்காங்க, 1,200-க்கு இல்லை. விக்காத ரெண்டு தாருக்கும் 4 ரூபாய் கமிஷன். நாலு ரூபாய்தானேன்னு தோணும். பதினாறு வருசத்துச் சீட்டு இருக்குங்க அந்தப் பெட்டியில.

அட்வான்ஸ் கதை என்னன்னா, 1979-ல எங்க அக்கா கல்யாணத்துக்கு அப்பா அந்த மண்டியில 1,500 ரூபாய் வாங்கினார். வட்டி கிடையாது. "வட்டியா? நமக்குள்ள என்ன கவுண்டரே, சரக்கை மட்டும் நம்ம கடைக்கே போடுங்க, போதும்"னு சொன்னாராம். சரக்குல பிடிச்சுக்குவாங்க. பிடிச்சு முடியறதுக்குள்ள எனக்குக் காய்ச்சல், வீட்டுக்கு ஓடு, ஆத்தாளுக்கு ஆஸ்பத்திரின்னு ஏதாவது ஒண்ணு வரும். மறுபடி மேல வாங்குவார். கடன் குறையவும் இல்லை, பெருசா ஏறவும் இல்லை. கயித்துல கட்டின மாடு மாதிரி அதே வட்டத்துல பதினாறு வருசம் சுத்தியிருக்கார்.

வட்டியில்லாக் கடன்னு அப்பா சாகற வரைக்கும் பெருமையாச் சொன்னார். இன்னைக்குக் கணக்குல போட்டுப் பார்ப்போம். ஒருத்தர் 20,000 முன்பணம் வாங்கறார். வருசத்துக்கு 300 கிலோ மிளகு. அந்த மண்டிக்கு மட்டும்தான் போடணும்ங்கறதால கிலோவுக்கு 20 ரூபாய் குறைச்சுத் தர்றாங்கன்னு வச்சுக்குவோம். வருசத்துக்கு 6,000 போச்சு. 20,000-க்கு 6,000-ன்னா 30 வட்டி. சீட்டுல வட்டிங்கற சொல்லே இருக்காது. அது விலைக்குள்ள ஒளிஞ்சிருக்கும்.

மண்டிக்காரர் பக்கத்து நியாயம்

ஒரு பக்கமா எழுதினா பாவம் வரும். மண்டிக்காரர் சும்மா உட்கார்ந்து பத்து சதவீதம் வாங்கறதில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு லாரி வரும், சரக்கு இறக்கி, தரம் பிரிச்சு, ஏலம் கூவி, விடியறதுக்குள்ள வித்துத் தரணும். வாங்கற சில்லறைக் கடைக்காரர் பத்து நாள் கழிச்சுத்தான் பணம் தருவார், சில பேர் தராமலே ஊரை விட்டுப் போயிடுவாங்க. ஆனா விவசாயிக்கு அன்னைக்கோ அடுத்த நாளோ மண்டி பணம் கொடுத்துடும். வாங்கினவன் ஓடிப்போனா நட்டம் மண்டிக்கு. ஐரோப்பாவுல இதுக்குத் தனிப் பேரே உண்டு. 'டெல் கிரெடரே' கமிஷன்னு இத்தாலிக்காரன் வச்ச பேர். வாங்கறவன் பணம் தராட்டி நான் தர்றேன்னு தரகன் ஜவாப்தாரி ஏத்துக்கறதால சாதாரணக் கமிஷனை விடக் கொஞ்சம் கூடக் கொடுப்பாங்க. நம்ம மண்டியில வித்துத் தர்ற கூலி, ஜவாப்தாரி, கடன் மூணும் அந்த ஒரே பத்து சதவீதத்துக்குள்ள அடங்கியிருக்கு. பிரிச்சுப் பார்த்தாத்தான் எது நியாயம், எது கூடன்னு தெரியும்.

இன்னொண்ணு, அவசரத்துக்கு ஓடி வர்றது அவர்தான். ஆத்தாளைச் சேலம் ஆஸ்பத்திரியில சேர்த்தப்ப பேங்க் மேனேஜர் வரல. மண்டிக்காரர்தான் ஆள் விட்டுப் பணம் கொடுத்தார். பஞ்சாப்ல 'ஆர்த்தியா'ன்னு கமிஷன் ஏஜெண்டுங்க. அரசாங்கம் கொள்முதல் பண்ற கோதுமை, நெல்லுக்கு அவங்களுக்கு முன்னாடி 2.5 சதவீதம் இருந்துச்சு. 2020-ல வேளாண் சட்டங்கள் வந்தப்ப டெல்லி எல்லையில விவசாயிகளோட ஆர்த்தியாக்களும் சேர்ந்து நின்னாங்க. ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு நவம்பர்ல அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெற்றாங்க. இடைத்தரகரை விவசாயி எதுக்கு ஆதரிக்கிறான்னு டவுன்ல பலபேர் கேட்டாங்க. எனக்கு அது ஆச்சரியமா இல்லை. நடுராத்திரியில கதவைத் தட்டினா திறக்கறவனை யாரும் லேசுல விடமாட்டாங்க.

துண்டுக்குள்ள விரல்

மாட்டுச் சந்தையில பார்த்திருப்பீங்க. ரெண்டு தரகர் கையை ஒரு துண்டால மூடிக்கிட்டு உள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுவாங்க. எத்தனை விரல் பிடிச்சான், எவ்வளவுக்கு முடிஞ்சுதுன்னு மாட்டுக்காரனுக்கே தெரியாது. மாட்டுக்கு மட்டும் இல்லை, பருத்தி, கடலைக்கும் பல ஊர்ல இந்த வழக்கம்தான் இருந்துச்சு. அதோட எடையில ஒரு கை, சாம்பிள்னு ஒரு அள்ளு, கோயிலுக்கு, தர்மத்துக்குன்னு மகமை.

விவசாயத்துக்கான ராயல் கமிஷன் 1928-ல அறிக்கை கொடுத்தப்ப, சந்தைகளை ஒழுங்கு பண்ணுங்கன்னு சொல்லிச்சு. அதுக்கப்புறம் சென்னை மாகாணத்துல 1933-ல வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்துச்சு. அந்தச் சட்டத்துல 1936-ல திருப்பூர்ல பருத்திக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் அமைஞ்சுது. பிறகு 1959-ல ஒரு சட்டம், 1987-ல இன்னொண்ணு. இந்தக் கூடங்கள்ல விக்கற விவசாயிகிட்ட கமிஷன் பிடிக்கறதில்லை. வாங்கற ஏவாரிகிட்ட சந்தைக் கட்டணம் வாங்கறாங்க. எடை எல்லார் கண்ணு முன்னாடியும், ஏலமும் அப்படியே. துண்டை எடுத்துட்டாங்க, அவ்வளவுதான். ஆனா அந்தத் துண்டுக்குள்ள எத்தனை பேரோட வருமானம் ஒளிஞ்சிருந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க.

கலைஞர் ஆட்சியில 1999 நவம்பர் 14 அன்னைக்கு மதுரையில முதல் உழவர் சந்தை திறந்தாங்க. அங்க தரகரே கிடையாது. ராசிபுரத்துலயும் நாமக்கல்லுலயும் உழவர் சந்தை இருக்கு. நல்ல திட்டம். ஆனா எங்களுக்கு 70 வளைவு இறங்கி, அரைநாள் உட்கார்ந்து வித்து, மறுபடி 70 வளைவு ஏறணும். அன்னைக்கு ஒருநாள் கூலி போச்சு. தரகு வேண்டாம்னு நினைக்கறவன் அந்தத் தரகனோட வேலையைத் தானே செய்யணும். கமிஷன் மிச்சம்னு சந்தோசப்படறதுக்கு முன்னாடி அந்த வேலைக்கும் ஒரு விலை போட்டுப் பார்க்கணும்.

காபிக்கு ஒரே வாசல்

"எங்க வழியா மட்டும்"ங்கற ஒப்பந்தம் எப்பவும் கெடுதலான்னா, அப்படியும் சொல்ல முடியாது. எங்க மலைக்காபி கதை அதுக்கு உதாரணம்.

ரெண்டாம் உலகப்போர்ல காபி ஏற்றுமதி படுத்துப்போச்சு. 1942-ல ஒரு சட்டம் போட்டு, பதிவு பண்ணின தோட்டக்காரங்க காபி எல்லாத்தையும் காபி போர்டுக்கே கொடுக்கணும்னு வச்சாங்க. 'பூல்'னு சொல்லுவாங்க. வீட்டுக்கும் விதைக்கும் கொஞ்சம் வச்சுக்கலாம், மீதி பூலுக்கு. போர்டு எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்து ஏலம் விட்டு, செலவைக் கழிச்சு, பணத்தைத் தவணை தவணையாத் தரும். நாடு முழுசுக்கும் ஒரே தரகர், அதுவும் சர்க்கார்.

அதுல நிம்மதி உண்டு. வாங்க ஆளில்லையேன்னு பயம் இல்லை. ஏக்கரா வச்சிருக்கறவனுக்கும் எஸ்டேட்காரனுக்கும் தரத்துக்குத் தக்கன ஒரே கணக்கு. ஆனா கடைசித் தவணை வர்றதுக்குள்ள அடுத்த அறுவடை வந்துடும். வெளியில விலை ஏறினாலும் நாம கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்.

1989-ல உலகக் காபி ஒப்பந்தத்தோட கோட்டா முறை முறிஞ்சு விலை சரிஞ்சுது. பிறகு 1992-ல இருந்து பூலைக் கொஞ்சம் கொஞ்சமாத் தளர்த்தி, 1996-ல முழுசா எடுத்துட்டாங்க. இதுக்கு நடுவுல 1994-ல பிரேசில்ல கடும் பனி விழுந்து காபிச்செடி கருகிச்சு. உலகம் முழுக்க விலை ஏறிச்சு. பூலும் தளர்ந்திருந்த நேரம். எங்க அப்பா வாழ்க்கையில முதல் தடவையா காபியை நாலு பேர்கிட்ட விலை கேட்டு வித்தார். அந்தப் பணத்துலதான் 1995-ல மண்டிக் கடனை அடைச்சார். பெட்டியில இருந்த கடைசிச் சீட்டு அதுதான். எங்கயோ பிரேசில்ல பெஞ்ச பனி, கொல்லிமலையில ஒரு மனுசனோட கயித்தை அறுத்துச்சு. அப்பாவுக்குப் பிரேசில் எங்க இருக்குன்னுகூடத் தெரியாது.

ஆனா திறந்த வாசல்ல நல்லதும் வரும், கெட்டதும் வரும். மிளகு கிலோ 700-ஐத் தொட்டதையும் பார்த்திருக்கேன், நாலஞ்சு வருசத்துல 350-க்குக் கீழ இறங்கினதையும் பார்த்திருக்கேன். அப்ப பூல் மாதிரி ஒண்ணு இருந்தாத் தேவலைன்னு தோணத்தான் செஞ்சுது.

ரெண்டு தரகர், ஒரு மரம்

சரி, ஒருத்தருக்கு மட்டும்னு கட்டுப்படாம பல பேர்கிட்டச் சொல்லி வச்சா எல்லாம் சுகமா? அதுலயும் சிக்கல் உண்டு, என் அனுபவத்தையே சொல்றேன்.

2011-ல வெட்ட அனுமதி வாங்கி 40 சில்வர் ஓக் மரத்தை விக்கலாம்னு இருந்தேன். மூணு தரகர்கிட்டச் சொன்னேன். முதல் ஆள் ஒரு மர ஏவாரியைக் கூட்டிட்டு வந்தார். ஏவாரி 1,20,000 கேட்டார், எனக்குக் கட்டுபடியாகல. ரெண்டு மாசம் கழிச்சு ரெண்டாவது தரகர் அதே ஏவாரியைக் கூட்டிட்டு வந்து, பேசிப் பேசி 1,35,000-க்கு முடிச்சுக் கொடுத்தார். ரெண்டு சதவீதம், 2,700 ரூபாயைக் கொடுக்கப் போறேன், முதல் தரகர் வந்து நிக்கறார். "ஆளைக் காட்டினது நான். கமிஷன் எனக்குத்தான்."

ரெண்டு பேருக்கும் கொடுத்தா எனக்கு நட்டம், ஒருத்தருக்குக் கொடுத்தா இன்னொருத்தருக்கு வருத்தம். ஊர்க்கவுண்டர் முன்னாடி போச்சு. அவர் கேட்டது ஒரே கேள்வி: "யார் பேச்சுல ஏவாரம் முடிஞ்சுது?" ரெண்டாமவர் பேச்சுலதான். "அப்ப கமிஷன் அவருக்கு. ஆனா வழி காட்டினவன் வெறுங்கையோட போகக்கூடாது"ன்னு 1,700-ம் 1,000-மாப் பிரிச்சுவிட்டார்.

என் அக்கா மகன் வக்கீலுக்குப் படிக்கறான். இதைச் சொன்னதும் சிரிச்சான். "மாமா, இதேதான் கோர்ட்லயும் கேப்பாங்க. ஏவாரம் முடியறதுக்கு உண்மையான காரணம் எந்தத் தரகர்னுதான் பார்ப்பாங்க"ன்னான். அவன்தான் 1872-ம் வருசத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தை எடுத்து எனக்குப் படிச்சுச் சொன்னது. நூத்தைம்பது வருசத்துச் சட்டம், இன்னும் அதுதான் நடப்பு. அதுல 182-வது பிரிவுல இருந்து தரகர், முகவர் சமாச்சாரம். நாலைஞ்சு விசயம் நம்ம ஆளுங்க எல்லாரும் தெரிஞ்சுக்கணும்.

213-வது பிரிவு: சரக்குக்காரர் கேட்டா தரகர் சரியான கணக்குக் காட்டியே ஆகணும். கேக்கறது நம்ம உரிமை, கேட்டாக் கோவிச்சுக்க அவருக்கு நியாயம் இல்லை. 215, 216: நம்ம சரக்கை நமக்குத் தெரியாம அவரே பினாமி பேர்ல வாங்கி மேல விலைக்கு வித்தா, அந்த லாபத்தைக் கேக்க நமக்கு உரிமை உண்டு. 219: வேற மாதிரி பேசிக்கலைன்னா, வேலை முடிஞ்சாத்தான் கமிஷன். 221: நமக்கு வர வேண்டியதோட அவர் பக்கமும் ஒரு உரிமை இருக்கு. அவருக்குச் சேர வேண்டிய கமிஷனும் செலவும் வர்ற வரைக்கும் கையில இருக்கற நம்ம சரக்கை அவர் பிடிச்சு வச்சுக்கலாம்.

இதையெல்லாம் கேட்டப்ப 1984-ம் வருசச் சீட்டுல இருந்த அந்த நாலு ரூபாய்தான் என் கண்ணு முன்னாடி வந்துச்சு. அப்பா கேட்டிருக்கலாம். சட்டம் அவர் பக்கம் இருந்துச்சு. ஆனா மண்டியில கடன் வச்சிருக்கறவன் மண்டியில கணக்குக் கேப்பானா?

மூணு விதமான பேச்சு

தரகு ஒப்பந்தம் எத்தனை பக்கம் இருந்தாலும் உள்ள மூணு விதம்தான்னு அக்கா மகன் சொன்னான்.

முதலாவது, திறந்த பேச்சு. எத்தனை பேர்கிட்ட வேணும்னாலும் சொல்லலாம். யார் வித்தாரோ அவருக்குத்தான் கமிஷன். நானே வித்தா யாருக்கும் இல்லை. ஈரோட்டு மஞ்சள் இப்படித்தான் நடக்குது. அங்க தனியார் மண்டி, ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், கூட்டுறவுச் சங்கம்னு பல இடம். மூட்டையை ஒரு இடத்துல வச்சு, சாம்பிளை ஏலத்துக்கு வைப்பாங்க. விலை கட்டலைன்னா "வேண்டாம்"னு சொல்லிட்டு அடுத்த ஏலத்துக்குக் காத்திருக்கலாம். எங்களுக்குப் பக்கத்துல நாமகிரிப்பேட்டை சங்கத்துலயும் மஞ்சள் ஏலம் உண்டு. பாட்டன் காலத்துல தலைச்சுமையோட நின்னவனுக்கு இல்லாத அந்த "வேண்டாம்" இங்க இருக்கு. ஆனா இதுல தரகருக்கும் நம்மமேல அக்கறை கம்மி. நான் வித்தாலும் விக்கலைன்னாலும் அவருக்கு வேற ஆள் இருக்கு.

ரெண்டாவது, தரகர் ஒருத்தர்தான், ஆனா நானே விக்கற உரிமை என்கிட்ட இருக்கும். அதுக்குக் கமிஷன் இல்லை.

மூணாவது, தரகரும் ஒருத்தர்தான், நானே வித்தாலும் அவருக்குக் கமிஷன் உண்டு. இதுல அவர் செலவு பண்ணி விளம்பரம், பாக்கெட், தரம்னு உழைக்க ஒரு தைரியம் கிடைக்கும், அது உண்மைதான். ஆனா அவர் உழைக்கலைன்னா நமக்கு வெளியேற வழி வேணும். அந்த வழி காகிதத்துல இருக்கான்னு பார்க்கணும்.

பைக்ல வந்த பையன் கொடுத்தது மூணாவது விதம். மூணு வருசம், வெளியேற வழி கிடையாது, முன்பணம் 60,000. அப்பாவோட மண்டிக்காரர் வாயால சொன்னதை இவங்க கம்ப்யூட்டர்ல அடிச்சுக் கொண்டு வந்திருக்காங்க.

என்ன பண்ணினேன்

மகனைக் கூப்பிட்டு தகரப்பெட்டியைத் திறந்து காட்டினேன். 1984-ம் வருசச் சீட்டை அவன் கையில கொடுத்து, "கூட்டிப் பாரு"ன்னேன். செல்போன்ல கூட்டினான். ரெண்டு தாருக்குக் கமிஷன் பிடிச்சதை நான் சொல்லாமலே கண்டுபிடிச்சுட்டான். எனக்கு நாலு தடவை பார்க்க வேண்டியிருந்துச்சு, அவனுக்கு ஒரே தடவை. படிச்ச பையன்.

அப்புறம் ரெண்டு பேரும் உட்கார்ந்து அந்த ஒப்பந்தத்துல பேனாவால மாத்தி எழுதினோம். மிளகு முழுசும் இல்லை, பாதி. மூணு வருசம் இல்லை, ஒரு பருவம். நானே விக்கறதுக்குக் கமிஷன் கிடையாது. ஒவ்வொரு லோடுக்கும் வாங்கினவர் கொடுத்த விலையோட சீட்டு வேணும். கமிஷன் வித்த எடைக்கு மட்டும். கம்பெனியில கேட்டுச் சொல்றேன்னு பையன் போனான். பத்து நாள் கழிச்சுப் பதில் வந்துச்சு: எல்லாம் சரி, ஆனா சரக்கு பாதின்னா முன்பணமும் பாதி, 30,000.

நியாயமான பதில்தான். கையெழுத்துப் போட்டேன். மீதி 30,000-க்கு என் சம்சாரத்தோட சங்கிலி அடகுக்குப் போச்சு. நகைக்கடனுக்கு வட்டி உண்டு, எவ்வளவுன்னு ரசீதுல எழுதியிருக்கு. எழுதியிருக்கற வட்டிக்கு நான் பயப்பட மாட்டேன். சங்கிலியைக் கழட்டிக் கொடுத்தப்ப அவ ஒண்ணும் பேசல. "மிளகு வித்ததும் முதல்ல இதை மீட்டுக் கொடுங்க"ன்னு மட்டும் சொன்னா. மத்த பாதி மிளகுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில ரெண்டு கடை, பேளுக்குறிச்சியில ஒரு கடைன்னு விலை கேட்டுக்கிட்டு இருக்கேன்.

நான் பண்ணினது சரியா தப்பான்னு பருவம் முடிஞ்சாத்தான் தெரியும். விலை விழுந்தா மகன் திட்டுவான், ஏறினா அவனே மறந்துடுவான்.

மேகம் கூடுது. மிளகை மூடப் போறேன். பருவம் முடிஞ்சதும் ரெண்டு பாதிக்கும் வந்த சீட்டைப் பக்கத்துல பக்கத்துல வச்சு, வரவு செலவை மறைக்காம இங்கயே எழுதறேன். அப்பாவுக்குத்தான் எழுதத் தெரியாது, எனக்குத் தெரியுமே.